ஊசிமுனைப் பதில்கள்: ஜெர்சியில் ஒரு நினைவுச் சின்னம்

இங்கே தென்னாப்பிரிக்காவில் கால்பந்துப் பருவம் நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களே வேறு மாதிரி ஆகிவிடும். ரவிக்கைக் கைக்குழியும் புடவை ஃபால்ஸும் பின்னுக்குப் போக, ஜெர்சி முன்னுக்கு வரும். இந்த மாதம் அநேகமாக எல்லாருமே கேட்டிருப்பது ஒன்றைத்தான்: இறந்தவர் நினைவாகவோ ஆண்டு நிறைவுக்காகவோ அணிச் சட்டையில் வைக்கும் பேட்ச். ரவிக்கைக்காரர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் அணித்தலைவர் போன டிசம்பரில் சாலை விபத்தில் காலமாகிவிட்டார். அவர் நினைவாக இந்தப் பருவத்து ஜெர்சியில் பேட்ச் வைக்கிறோம். அவருடைய படம், முழுப் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி, 'என்றும் எங்கள் நெஞ்சில்' என்ற வரி, கிளப் சின்னம் எல்லாம் வேண்டும் என்கிறார்கள் பையன்கள். இடது மார்பில் ஏற்கெனவே கிளப் சின்னம். நடுவில் ஸ்பான்சர், அது ஒரு மதுக்கடை. எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது? (கிளப் செயலாளர், டொங்காட்)

பதில்: தம்பி, உங்கள் எல்லாருக்கும் என் அனுதாபம். அடுத்த வேலையாக அந்தப் பட்டியலில் முக்கால்வாசியை அடித்துவிடுங்கள்.

முதலில் படத்தை எடுத்துவிடுங்கள். நூலில் முகம் வராது. உள்ளங்கையில் பாதி அகலமுள்ள வட்டத்தில் முகத்தைத் தைத்தால் ஒரு கண்ணுக்குக் கிடைப்பது நாலைந்து தையல். அதில் ஒன்று அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் மனிதர் ஒன்றரைக்கண் ஆகிவிடுவார். மீசை உதட்டோடு ஒட்டிக்கொள்ளும். பெற்ற தாய் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டுமா? படம்தான் வேண்டுமென்றால் பயிற்சிக்குப் போடும் டி-ஷர்ட்டில் அச்சடித்துக்கொள்ளுங்கள். அச்சில் முகம் நன்றாக வரும்.

தேதிகளும் வேண்டாம். இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் சட்டை கல்லறைக் கல் மாதிரி ஆகிவிடுகிறது. அந்த வரியையும் விட்டுவிடுங்கள். அதை மனத்தில் வைத்திருப்பவனுக்கு மார்பில் எழுதிக் காட்டத் தேவையில்லை.

மிஞ்சுவது அவர் போட்ட எண்ணும் பெயரின் முதலெழுத்துகளும். அது போதும். பெரிய அணிகளும் அவ்வளவோடுதான் நிறுத்திக்கொள்கின்றன. 2014 நவம்பரில் சிட்னி மைதானத்தில் பந்து கழுத்தில் பட்டு ஃபிலிப் ஹியூஸ் இறந்தபோது, அடுத்து அடிலெய்டில் இந்தியாவோடு ஆடிய ஆஸ்திரேலியர்களின் சட்டையில் 408 என்று மட்டும் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்கு டெஸ்ட் ஆடியவர்களின் வரிசையில் அவருடைய எண் அது. தெரிந்தவருக்குத் தெரியும், தெரியாதவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். கேட்க வைக்கிறதே, நல்ல பேட்சுக்கு அதைவிட என்ன வேலை?

அளவு: ஆறு சென்டிமீட்டர் வட்டம், மிஞ்சினால் ஏழு. ஆங்கிலப் பெரிய எழுத்து ஆறு மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது. தமிழில் எழுதுவதானால் பத்து மில்லிமீட்டராவது வேண்டும். இதை நான் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் மல்லுக்கட்டிச் சொல்கிறேன். ண, ழ, ஞ இவற்றின் உள்வளைவுகள் சின்ன அளவில் நூலால் அடைந்துபோகும். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் கறுப்புக் கட்டிதான். எம்ப்ராய்டரி மென்பொருளில் வரும் தமிழ் எழுத்துருக்களை நம்பாதீர்கள். காகிதத்தில் தடித்த பேனாவால் எழுதி, அதன்மேல் தையல் ஓட்டத்தைக் கையால் வரைந்து ஏற்றச் சொல்லுங்கள். முதல் மாதிரியை உங்கள் ஜெர்சித் துணியிலேயே தைத்துக் காட்டச் சொல்வது முக்கியம். காட்டன் துணியில் அழகாக உட்காரும் அதே பேட்ச், இழுபடும் பாலியெஸ்டர் பின்னலில் ஓரமெல்லாம் சுருங்கி அப்பளம்போல் எழும்பும். அடியில் வெட்டி எடுக்கிற வகை பேக்கிங் (தையலைத் தாங்கும் தாள்) வைத்தால் சுருக்கம் வராது. கிழித்து எடுக்கிற வகை ஜெர்சிக்கு ஆகாது.

இனி இடம். மார்பில் மூன்றாவதாக ஒன்றை நுழைக்காதீர்கள். நம் தேசிய ரக்பி அணியின் ஸ்பிரிங்பாக் மான் போட்ட சட்டையே இந்த நெருக்கடியில் மாட்டியிருக்கிறது. 2015 உலகக்கோப்பையில் ஒரு பக்கம் தேசியப் பூவான புரோட்டியா, மறு பக்கம் உலகக்கோப்பைச் சின்னம் என்று ஆனதில், அத்தனை காலம் மார்பில் துள்ளிய மான் கைக்குப் போனது. நாட்டில் பாதிப்பேர் கூச்சல் போட்டார்கள். அந்த மானுக்கே கை போதுமென்றால் உங்கள் தலைவருக்கும் போதும். வலது கை, தோள் தையலிலிருந்து நாலு விரல் கீழே. கையை மடக்கினால் பேட்ச் மடங்கக் கூடாது, அதைப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கைதான் சரி என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த வீட்டார் மது விளம்பரத்துக்குப் பக்கத்தில் பிள்ளை பெயரைப் பார்க்க விரும்பாமல் இருக்கலாம், வாய்விட்டுச் சொல்லாமலும் இருக்கலாம். நம் டர்பன்காரர் ஹாஷிம் அம்லா தென்னாப்பிரிக்காவுக்கு ஆடிய நாளெல்லாம் பீர் நிறுவனத்தின் முத்திரை இல்லாத சட்டையைத்தான் போட்டார். அதனால் அவர் ஓட்டம் குறைந்துவிடவில்லை. கடைக்காரரிடம் பேசிப் பாருங்கள். 2008 பிப்ரவரி 10 அன்று, தன் ஆட்டக்காரர்கள் பலரைப் பறித்த மியூனிக் விமான விபத்தின் ஐம்பதாம் ஆண்டு நினைவாக, மான்செஸ்டர் யுனைடெட் 1950களின் பாணியில், ஸ்பான்சர் பெயரும் ஆட்டக்காரர் பெயரும் இல்லாத சட்டையில் ஆடியது. எதிரணியான மான்செஸ்டர் சிட்டியும் தன் ஸ்பான்சரை எடுத்துவிட்டு ஒரு சின்னக் கறுப்பு ரிப்பனோடு வந்தது. கோடிக்கணக்கில் கொட்டும் கம்பெனிகள் ஒரு நாள் ஒதுங்க முடியுமென்றால், உங்கள் கடைக்காரரும் முதல் ஆட்டத்துக்கு மட்டும் ஒதுங்குவார். மாட்டேன் என்றால் அவர் கடையில் வாங்காதீர்கள், வேறென்ன.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அது முக்கியம். பேட்சை எப்போது எடுப்பீர்கள்? அதைத் தைப்பதற்கு முன்பே முடிவு செய்து கூட்டக் குறிப்பில் எழுதிவிடுங்கள். 'பருவம் முழுக்க' என்று வாயால் சொல்லியிருக்கிறீர்கள், அதை எழுத்தில் போடுங்கள். எழுதாத கிளப்புகளை நான் பார்த்திருக்கிறேன். பருவம் முடியும், எடுக்கலாமா என்று கேட்க ஒருவருக்கும் வாய் வராது. அடுத்த வருடம் புதுப் பையன்கள் அது யாரென்று தெரியாமலே போட்டுக்கொள்வார்கள். அதற்குள் இன்னொருவர் போய்விடுவார். அவருக்கும் வேண்டும் என்பார்கள். அவருக்குச் சின்னதாகவா, பெரிதாகவா, இவருக்குக் கீழேயா மேலேயா? அங்கே தொடங்கும் சண்டையை எந்தத் தையல்காரியாலும் தைக்க முடியாது.

சிகாகோ பேர்ஸ் என்ற அமெரிக்க கால்பந்து அணியின் இடது கையில் ஜிஎஸ்ஹெச் என்று மூன்றெழுத்து உண்டு. 1983-ல் இறந்த ஜார்ஜ் ஹாலாஸுடையது. 1984-லிருந்து இன்றுவரை அது போகவில்லை. ஆனால் அவர் அந்த அணியைத் தொடங்கியவர், உரிமையாளர், பல்லாண்டு பயிற்சியாளர். அந்த வகை நிரந்தரம் ஒரு கிளப்புக்கு ஒருவரோடு நிற்க வேண்டும். மற்றவர்களுக்கு ஒரு பருவம் என்பது பெரிய மரியாதைதான்.

கேள்வி: பள்ளியில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். இந்தப் பேட்ச் பழக்கம் எங்கே, எப்போது தொடங்கியது? (மாணவி, ஃபீனிக்ஸ்)

பதில்: கண்ணு, கைப்பட்டை முதலில் வந்தது, பேட்ச் பின்னால் வந்தது. துக்கத்துக்குக் கையில் கறுப்புத் துணி கட்டுவது ஐரோப்பியர் வழக்கம். விளையாட்டுக்காரர்கள் அதை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். 1920-ல் கிளீவ்லாந்து பேஸ்பால் அணியின் ரே சாப்மன், எறிந்த பந்து தலையில் பட்டு இறந்தார். அவருடைய தோழர்கள் மீதி ஆட்டங்களைக் கறுப்புப் பட்டையோடு ஆடினார்கள்.

தைத்த பேட்ச் பெரிய அளவில் வந்தது துக்கத்துக்காக அல்ல, கொண்டாட்டத்துக்காக. பேஸ்பாலின் நூற்றாண்டு என்று அமெரிக்காவில் 1939-ஐக் கொண்டாடினார்கள். மேல்மட்ட லீகின் 16 அணிகளும் சட்டைக்கையில் ஒரே பேட்சைத் தைத்துக்கொண்டன. வேடிக்கை என்னவென்றால், அந்த விளையாட்டு 1839-ல் ஒருவரால் கண்டுபிடிக்கப்பட்டது என்ற கதையை வரலாற்றாசிரியர்கள் இப்போது ஏற்பதில்லை. கதை போய்விட்டது, பேட்ச் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன்பின் போர் வந்தபோது, 1942-ல், உடல்நலத்தை வலியுறுத்தி ஒரு பேட்ச்.

ஒரு மனிதனுக்கான பேட்ச் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ரொபெர்த்தோ கிளெமென்ட்டே. புவெர்ட்டோ ரிக்கோக்காரர், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி. 1972 டிசம்பர் 31 அன்று நிகராகுவாவில் நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிய விமானத்தில் போனார். அது கடலில் விழுந்தது. அடுத்த பருவம் முழுக்க அவருடைய அணி சட்டைக்கையில் கறுப்பு வட்டத்தில் 21 என்ற எண்ணோடு ஆடியது. கட்டுரையில் இவரைப் பற்றி ஒரு பத்தி எழுது. ஆட்டத்துக்காக மட்டும் நினைக்கப்படுகிற ஆள் இல்லை அவர்.

லீக் முழுவதும் சேர்ந்து செய்வது என்றால் 1997-ஐச் சேர்த்துக்கொள். கறுப்பினத்தவரைச் சேர்க்காதிருந்த அந்த பேஸ்பால் லீகில் ஜாக்கி ராபின்சன் நுழைந்து ஐம்பது ஆண்டு ஆனதற்கு எல்லா அணிகளும் பேட்ச் வைத்தன. அவருடைய 42-ஆம் எண்ணை இனி எந்த அணியும் புதிதாக ஒருவருக்கும் கொடுப்பதில்லை என்றும் முடிவானது. கூடைப்பந்தில் 2022–23 பருவத்தில் நிறவெறியை எதிர்த்து நின்ற கறுப்பின ஆட்டக்காரர் பில் ரசலுக்காக என்பிஏ ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் வலது தோளிலும் அவருடைய எண்ணான 6 இருந்தது. கறுப்பர், வெள்ளையர், இந்தியர் என்று மைதானத்தையே பிரித்து வைத்திருந்த நாட்டில் வளர்ந்த எனக்கு இந்த இரண்டு பேட்சுகளும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் உயரம்தான். உன் ஆசிரியர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

கேள்வி: கிரிக்கெட்டில் கறுப்புப் பட்டை கட்டினால் சில நேரம் பாராட்டுகிறார்கள், சில நேரம் கண்டிக்கிறார்கள். இறந்தவரை நினைப்பதற்கு அனுமதி எதற்கு? (வாசகர், வெருலம்)

பதில்: ஐயா, யாரை நினைக்கிறோம் என்பதைவிட யாரைக் கேட்டு நினைக்கிறோம் என்பதுதான் அவர்களுடைய சட்டம். உங்கள் கிரிக்கெட் வாரியமும் ஐசிசியும் முன்கூட்டியே சரி என்றால் பட்டை கட்டலாம். கேட்காமல் கட்டினால் குற்றம். நம் இம்ரான் தாஹிர் 2017 ஜனவரியில் வாண்டரர்ஸ் மைதானத்தில் இலங்கையோடு ஆடும்போது, விக்கெட் எடுத்த சந்தோஷத்தில் சட்டையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே பனியனில் பாகிஸ்தான் பாடகர் ஜுனைத் ஜம்ஷெதின் படம். அதற்கு முந்தைய மாதம்தான் பாகிஸ்தானில் விமான விபத்தில் அவர் இறந்திருந்தார். தாஹிருக்குக் கண்டிப்பு வந்தது.

கால்பந்திலும் அதே கதை. 2010 உலகக்கோப்பை இறுதி ஆட்டம் நம் ஜோஹன்னஸ்பர்க் சாக்கர் சிட்டியில். 116-ஆம் நிமிடம் இனியெஸ்டா கோல் போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றி ஓடினார். உள்பனியனில் கையால் எழுதியிருந்தது: தானி ஹார்க்கே, எப்போதும் எங்களோடு. முந்தின ஆண்டு 26 வயதில் மாரடைப்பில் இறந்த நண்பர் ஹார்க்கே. நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். உலகக்கோப்பையை ஜெயித்துக் கொடுத்த கோலுக்கு மஞ்சள் அட்டை! நானாக இருந்தாலும் கழற்றியிருப்பேன், நடுவராக இருந்தாலும் காட்டியிருப்பேன். சட்டையைக் கழற்றினால் அட்டை என்பது விதி. உள்ளே எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து இது சோகம், இது விளம்பரம், இது அரசியல் என்று பிரிக்கும் வேலையை நடுவர் தலையில் கட்டக் கூடாது.

ஏனென்றால் பிரிப்பது லேசில்லை. 2003 உலகக்கோப்பை நம் நாட்டில் நடந்தபோது சில ஆட்டங்கள் ஜிம்பாப்வேயில் இருந்தன. பிப்ரவரி 10 அன்று ஹராரேயில் ஆண்டி ஃபிளவரும் ஹென்றி ஒலோங்காவும் கையில் கறுப்புப் பட்டையோடு இறங்கினார்கள். செத்தது ஒரு மனிதர் இல்லை, தங்கள் நாட்டின் ஜனநாயகம் என்று அறிக்கை விட்டார்கள். அந்த உலகக்கோப்பையோடு இருவரும் ஜிம்பாப்வேக்கு ஆடுவது முடிந்துபோனது. துக்கமா, எதிர்ப்பா? இரண்டும்தான். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து அணிகள் 2016-ல் போர்வீரர் நினைவாகச் சிவப்புப் பாப்பிப் பூப் பட்டை கட்டி ஃபிஃபாவிடம் அபராதம் வாங்கின. மறு வருடம் ஃபிஃபாவே இறங்கி வந்தது: எதிரணியும் போட்டியை நடத்துபவரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டால் போடலாம். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. எதிரணியைக் கேட்பதில் ஒரு மரியாதை இருக்கிறது.

கிளப் அளவில் ஆடும் நீங்களும் உங்கள் லீக் செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள். ஆட்ட நாள் காலையில் நடுவரிடம் வாதாடாதீர்கள்.

கேள்வி: இளையோர் அணியில் ஆடிய என் தங்கை மகன் நோயில் இறந்துவிட்டான். அணி அவன் பெயரைப் பேட்சில் போட ஆசைப்படுகிறது. தங்கை முதலில் சரி என்றாள், இப்போது வேண்டாம் என்கிறாள். பேட்ச் தைத்து வந்தாகிவிட்டது. என்ன செய்வது? (பெரியம்மா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: அம்மா, பேட்சை அப்படியே டப்பாவில் வையுங்கள். தைத்த காசு போனால் போகட்டும். பெற்றவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நாளை மறுபடி வேண்டும் என்றால் அப்போதும் சரி. அவளிடம் காரணம் கேட்க வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், அவள் வாயால் இரண்டாம் தரம் சொல்ல வைக்காதீர்கள்.

அவள் மனம் மாறாவிட்டால் பெயரில்லாமல் ஒரு வழி இருக்கிறது. லிவர்பூல் சட்டையின் கழுத்துக்குப் பின்னால் இரண்டு தீச்சுடர், நடுவில் ஓர் எண். 1989 ஏப்ரல் 15 ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் போனவர்களின் எண்ணிக்கை அது. பெயர் ஒன்றுகூட இல்லை. 96 என்று இருந்தது. அன்று மூளையில் அடிபட்டு 32 ஆண்டு அந்த நிலையிலேயே வாழ்ந்த ஒருவர் 2021-ல் இறந்தபோது, விசாரணை அதிகாரி அந்தச் சாவையும் அதே கணக்கில் சேர்த்தார். அடுத்து வந்த சட்டையில் 97. குடும்பங்கள் பல பத்தாண்டு நீதிமன்றம் ஏறி இறங்கிப் போராடியதால் அந்த எண்ணுக்கு ஒரு கனம் வந்தது, தையலால் வந்ததில்லை.

பையன் என்ன நிற பூட்ஸ் போட்டான் என்று கேட்டு, அந்த நிறத்தில் எல்லாரும் லேஸ் கட்டிக்கொள்ளலாம். பார்ப்பவர் ஒருவருக்கும் தெரியாது, பையன்களுக்குத் தெரியும்.

கேள்வி: சிவப்பு ஜெர்சியில் வெள்ளைப் பேட்சை ஹீட் பிரஸ்ஸில் ஒட்டினோம். ஒரு வாரத்தில் பேட்ச் ரோஜா நிறம் ஆகிவிட்டது. துவைத்ததில் சாயம் ஏறியதா? (அணி மேலாளர், மெர்பேங்க்)

பதில்: துவைத்தவரைத் திட்டாதீர்கள், பாவம். தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாலியெஸ்டரில் ஏற்றிய சாயம் சூடு பட்டால் ஆவியாகி நகரும். 150 டிகிரி சூட்டில் அழுத்திப் பிடித்தபோதே சிவப்பு கிளம்பிப் பசையில் ஏறிவிட்டது. பசையிலிருந்து வெள்ளை நூலுக்கு மெல்ல மெல்ல வரும். அதனால்தான் ஒட்டிய அன்று வெள்ளையாக இருந்து, பிறகு நிறம் மாறியது. சிவப்பு, மெரூன், கருநீலம் மூன்றும் இதில் மோசம். முழுதும் அச்சடித்து வரும் ஜெர்சி இன்னும் மோசம்.

இனி அது வெளுக்காது. பிளீச் போட்டால் ஜெர்சி போகும், பேட்ச் ரோஜாவாகவே இருக்கும். அடுத்த முறை, முதல் வழி, ஒட்டவே ஒட்டாமல் தைத்துவிடுங்கள். இரண்டாவது, குறைந்த சூட்டில் உருகும் பசை கேளுங்கள். மூன்றாவது, பேட்சின் அடியில் சாயம் தடுக்கும் கறுப்பு அல்லது சாம்பல் நிறப் படலம் வைக்கச் சொல்லுங்கள். எனக்கு முதல் வழிதான். ஜேக்கப்ஸ் பக்கம் ஆலையில் மெஷினில் உட்கார்ந்த காலத்திலிருந்தே ஒட்டு வேலைமேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருபது துவைப்பில் ஓரம் எழும்பும், எழும்பிய ஓரத்தைப் பையன்கள் நகத்தால் நோண்டுவார்கள்.

இன்னொன்று: நினைவுப் பேட்ச் வெள்ளைத் தரையில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? சிவப்பு ஜெர்சிக்குக் கறுப்புத் தரையும் வெள்ளி நூலும் போடுங்கள். சாயம் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: நவம்பர் 16-ஐ ஒட்டி எங்கள் சங்கம் ஒரு விளையாட்டு விழா நடத்துகிறது. 1860-ல் அதே நாளில் நம் முன்னோர் வந்த ட்ரூரோ கப்பலைப் பேட்சாகப் போட ஒருவர் வரைந்து தந்திருக்கிறார். பாய், கயிறு, ஏணி, தளத்தில் நிற்கும் மக்கள் எல்லாம் அதில் இருக்கிறார்கள். இணைத்திருக்கிறேன். தைக்க முடியுமா? (சங்கப் பொருளாளர், சாட்ஸ்வொர்த்)

பதில்: படம் பிரமாதம். சுவரில் மாட்டுங்கள். ஆறு சென்டிமீட்டரில் தைத்தால் அது கப்பலாக வராது, கரப்பான்பூச்சியாக வரும். கயிறெல்லாம் மீசை, மக்களெல்லாம் கால்.

சென்னையிலிருந்து அந்தக் கப்பலில் வந்தவர்கள் 342 பேர். அத்தனை பேரையும் தளத்தில் நிறுத்த உங்கள் ஓவியர் பாடுபட்டிருக்கிறார், அந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் பேட்சில் ஒரு பொருளுக்குத்தான் இடம். என்னைக் கேட்டால் நம் முன்னோர் தோட்டத்தில் வெட்டிய கரும்பு. தைப்பதற்கென்றே முளைத்த செடி அது. நீளமாக ஒரு சாட்டின் தையல், இடையிடையே கணுவுக்கு ஊதா நூலில் ஒரு குறுக்கு வரி, மேலே நாலு தோகை. கீழே 1860. எழுத்தே வேண்டாம். நம் வீட்டில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

ஓரத்துக்கு என்ன நிறம் என்று முடிவு செய்யும்போது கொஞ்சம் சண்டை வரும், தயாராக இருங்கள். கறுப்பு ஓரம் போட்டால் துக்கம், பொன்னிற ஓரம் போட்டால் கொண்டாட்டம். தோட்டத்தில் அடிபட்டுச் செத்தவர்களும் அதில் இருக்கிறார்கள், நிலம் வாங்கிப் பள்ளிக்கூடம் கட்டியவர்களும் இருக்கிறார்கள். என் ஓட்டு கரும்பச்சைக்கு. ஓரத்தை ஓவர்லாக் மாதிரி தடிமனாகச் சுற்றித் தைக்கிற மெரோ ஓரமாகப் போடுங்கள், பிசிறு வராது. வட்டம் மாதிரி எளிய வடிவமாக இருந்தால்தான் அந்த மெஷின் ஓடும், கப்பல் வடிவில் வெட்டினால் ஓடாது. படத்தை மறுக்க இன்னொரு காரணம் கிடைத்துவிட்டது, ஓவியரிடம் இதைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

நீங்கள் சாட்ஸ்வொர்த் என்பதால் கேட்கிறேன்: 1996–97-ல் முதல் பிஎஸ்எல் (நம் நாட்டு மேல்மட்டக் கால்பந்து லீக்) பட்டத்தை ஜெயித்த நம் மானிங் ரேஞ்சர்ஸுக்கு ஒருவரும் பேட்ச் போட மாட்டேன் என்கிறீர்களே, ஏன்? பெரிய பெரிய சொவெட்டோ அணிகளையெல்லாம் தாண்டி வந்த கிளப் அது. அதற்கென்று யாராவது வரைந்து அனுப்பினால் முதல் மாதிரியை நான் காசு வாங்காமல் தைத்துத் தருகிறேன்.

கேள்வி: இறந்த நண்பனின் 8-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று முடிவெடுத்தோம். எங்களிடம் இருப்பதே ஒரு செட் ஜெர்சி. சரியா? (ரக்பி கிளப், ஸ்டேங்கர்)

பதில்: மனசுக்குச் சரி, செட்டுக்குச் சரியில்லை. ரக்பியில் எண் என்பது ஆடும் இடம். 8 இல்லாமல் எப்படி? அயர்லாந்தின் மன்ஸ்டர் அணி 2016 அக்டோபரில் தன் பயிற்சியாளர் ஆன்டனி ஃபோலியை இழந்தது. அவர் ஆடிய காலத்தில் போட்டது 8. அடுத்த ஆட்டத்துக்கு மட்டும் அந்த எண்ணை ஒதுக்கி வைத்தார்கள். அந்த இடத்தில் ஆடியவர் நம் நாட்டு ஜார்ஜ் நகரில் பிறந்த சிஜே ஸ்டாண்டர், 24 என்ற எண்ணோடு. பிறகு 8 திரும்பி வந்தது. உங்களுக்கும் ஒரு ஆட்டம் போதும். அவர் கடைசியாகப் போட்ட 8-ஐ வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, செட்டுக்குப் புது 8 ஒன்று தையுங்கள்.

கேள்வி: பருவம் முடிந்தது, பேட்சை எடுக்க வேண்டும். ஜெர்சி கிழியாமல் எப்படி எடுப்பது? (வாசகி, ஷால்கிராஸ்)

பதில்: முடிந்ததும் எடுக்கிறீர்கள், நல்ல பிள்ளைகள். ஜெர்சியை உள்பக்கம் திருப்பிப் போடுங்கள். அடியில் ஓடும் பாபின் நூலைத்தான் வெட்ட வேண்டும், மேல் நூலை அல்ல. தையல் பிரிப்பானால் ஐந்து தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே சுற்றி வந்தால், மேல்பக்கத்தில் நூல் ஒரே இழையாக உருவி வரும். பிளேடு வேண்டாம், ஜெர்சிப் பின்னலில் ஒரு கண்ணி அறுந்தால் கீழ்வரை ஓடும். பேக்கிங் காகிதத்தைத் துணியோடு ஒட்ட நறுக்குங்கள், இழுக்காதீர்கள். ஊசித் துளைகள் தெரியும். இஸ்திரிப் பெட்டியைத் தொடாமல் ஒரு விரல் உயரத்தில் பிடித்து ஆவி காட்டி, கட்டைவிரலால் குறுக்கும் நெடுக்கும் தேய்த்தால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். புது ஜெர்சியில் சீக்கிரம் மூடும். பழசில் வட்டமாக ஒரு தடம் கொஞ்ச நாள் இருக்கும், வெயிலில் காயப்போடும்போது உள்பக்கத்தை வெளியே வைத்தால் அந்த இடம் மட்டும் தனி நிறமாகத் தெரியாது.